தெருவிலிருந்து திரைக்கு: லண்டன் ராப் கலைஞர்களைத் தொடரும் சந்தேகம்

2019ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் தேதி பிரிட்டனில் வெளியான 'புளூ ஸ்டோரி' என்ற திரைப்படம், இரண்டே நாட்களில், நாட்டின் பெரிய திரையரங்குக் குழுமங்களில் ஒன்றான வியூவின் எல்லாத் திரையரங்குகளிலிருந்தும் விலக்கிக்கொள்ளப்பட்டது. ஷோகேஸ் என்ற மற்றொரு குழுமமும் அதே முடிவை எடுத்தது.

இதற்குக் காரணம் பர்மிங்காம் நகரில் உள்ள ஸ்டார் சிட்டி வளாகத்தில் நவம்பர் 23ஆம் தேதி மாலை நடந்த ஒரு மோதல். சுமார் நூறு பேர் அதில் ஈடுபட்டதாகவும், சிலர் வெட்டுக்கத்திகளுடன் வந்ததாகவும் செய்திகள் வெளியாகின. காவல்துறையினர் சிலர் காயமடைந்தனர். கைது செய்யப்பட்டவர்களில் 13 வயதுச் சிறுமி ஒருவரும் இருந்தார்.

ஆனால் மோதலில் ஈடுபட்டவர்கள் அந்தப் படத்தைப் பார்க்க வந்தவர்கள்தானா என்பது தெளிவாகவில்லை. தனது படத்துக்கும் அந்தச் சம்பவத்துக்கும் தொடர்பில்லை என்று இயக்குநர் கூறினார். படம் வெளியான முதல் 24 மணி நேரத்தில் தமது 16 திரையரங்குகளில் 25க்கும் மேற்பட்ட சம்பவங்கள் நடந்ததாகவும், பார்வையாளர்களின் பாதுகாப்பே தமது முடிவுக்குக் காரணம் என்றும் வியூ நிறுவனம் விளக்கமளித்தது.

லண்டன் தெருக்களின் வன்முறை இரண்டு நண்பர்களை எப்படி அழிக்கிறது என்று எச்சரிப்பதற்காக எடுக்கப்பட்ட ஒரு படம், அந்த வன்முறையைத் தூண்டிவிடக்கூடும் என்ற அச்சத்துக்கு இலக்கானது. இது அந்த ஒரு படத்தோடு தொடங்கியதோ முடிந்ததோ அல்ல. குற்றச் சூழலிலிருந்து இசையின் மூலம் வெளியே வர முயலும் லண்டன் இளைஞர்களைக் கால் நூற்றாண்டாகத் தொடர்ந்துவரும் ஒரு கேள்வியின் அண்மைக்கால வடிவமே அது. தெருவில் தான் கண்டதைப் பாடும் ஒருவன் சாட்சி சொல்கிறானா, அல்லது குற்றத்தை ஒப்புக்கொள்கிறானா என்பதே அந்தக் கேள்வி.

அஞ்சல் குறியீடு பிரித்த நண்பர்கள்

'புளூ ஸ்டோரி'யை எழுதி இயக்கியவர் ராப்மன் என்ற பெயரில் அறியப்படும் ஆண்ட்ரூ ஒன்வுபோலு. தென்கிழக்கு லண்டனின் டெட்ஃபோர்ட் பகுதியில் வளர்ந்தவர். டெட்ஃபோர்டில் வாழ்ந்துகொண்டு, அருகிலுள்ள பெக்கம் பகுதியில் பள்ளிக்குச் சென்ற தனது இளமைக்கால அனுபவமே இந்தக் கதைக்கு அடிப்படை என்று அவர் கூறியிருக்கிறார்.

படத்தின் நாயகன் டிம்மியும் அவ்வாறே டெட்ஃபோர்டில் வசித்து, பெக்கமில் படிக்கிறான். அவனது நெருங்கிய நண்பன் மார்க்கோ பெக்கமைச் சேர்ந்தவன். இரு பகுதிகளின் இளைஞர் குழுக்களுக்கும் இடையே பழைய பகை உண்டு. பேருந்தில் சில நிமிடங்களில் கடந்துவிடக்கூடிய தூரம்தான். ஆயினும் எந்த அஞ்சல் குறியீட்டைச் சேர்ந்தவன் என்பதே ஒரு சிறுவனின் உயிரைத் தீர்மானிக்கும் நிலை அங்கே நிலவுகிறது. மார்க்கோ ஒருநாள் தாக்கப்படுகிறான். தாக்கியவன் டிம்மிக்கு அறிமுகமானவன். அங்கிருந்து பழிக்குப் பழி என்று தொடரும் நிகழ்வுகளில் இறுதியில் எவருமே வெல்வதில்லை.

காட்சிகளுக்கு இடையே ராப்மன் தானே திரையில் தோன்றி, நடந்ததையும் நடக்கப்போவதையும் ராப் பாடலாகச் சொல்கிறார். தமிழ்த் தெருக்கூத்தில் கட்டியக்காரன் வந்து கதைமாந்தரை அறிமுகப்படுத்தி, அவர்களது செயல்களை விமர்சித்துச் செல்வதை அறிந்தவர்களுக்கு இந்த உத்தி அந்நியமாகத் தோன்றாது. கட்டியக்காரனைப் போலவே இந்தப் பாடகரும் கதைக்குள்ளும் இருக்கிறார், வெளியிலும் இருக்கிறார். குற்றத்தை அருகிலிருந்து பார்த்தவர் என்ற தகுதி அவருக்கு இருக்கிறது. அதைக் கண்டிக்கும் இடத்திலும் அவர் நிற்கிறார்.

திரையுலகில் எந்தப் பின்புலமும் இல்லாத ராப்மன், 2018ஆம் ஆண்டு 'ஷைரோஸ் ஸ்டோரி' என்ற மூன்று பகுதிகள் கொண்ட குறும்படத் தொடரை யூடியூபில் வெளியிட்டதன் மூலமே கவனம் பெற்றார். பல லட்சக்கணக்கானோர் அதைப் பார்த்தனர். அதன் பின்னரே திரைப்பட நிறுவனங்கள் அவரைத் தேடி வந்தன.

அமெரிக்க மாதிரி

ராப் பாடகர் ஒருவர் குற்ற வாழ்விலிருந்து உயர்ந்து புகழ்பெறும் கதை என்றால் உலகெங்கும் உள்ள ரசிகர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது அமெரிக்கப் படங்கள்தான். அவற்றில் மிகவும் நேரடியானது 2005ஆம் ஆண்டு நவம்பரில் வெளியான 'கெட் ரிச் ஆர் டை ட்ரையின்'. ஃபிஃப்டி சென்ட் என்ற ராப் பாடகர் தனது வாழ்க்கையை ஒட்டிய கதையில் தானே நாயகனாக நடித்தார். அயர்லாந்து இயக்குநர் ஜிம் ஷெரிடன் படத்தை இயக்கினார்.

நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் சிறுவயதிலேயே தாயை இழந்து, போதைப்பொருள் விற்பனையில் இறங்கிய ஃபிஃப்டி சென்ட், 2000ஆம் ஆண்டு மே மாதம் ஒன்பது துப்பாக்கிக் குண்டுகள் பாய்ந்தும் உயிர் தப்பினார். 2003இல் வெளியான அவரது முதல் பெரிய இசைத்தொகுப்பு உலகெங்கும் கோடிக்கணக்கில் விற்பனையானது. படமும் இதே பாதையில் செல்கிறது. தாயின் கொலை, தெரு வணிகம், சிறை, மரணத்தின் விளிம்பு, இறுதியில் மேடை.

இத்தகைய கதைகளில் குற்றம் என்பது நாயகன் விட்டுவந்த பழைய வாழ்க்கை. இசை அவனை மேலே கொண்டுவரும் ஏணி. ஏணியின் உச்சியில் பணமும் புகழும் காத்திருக்கின்றன. அவன் துப்பாக்கிக் குண்டுகளைத் தாங்கியவன் என்பது அவனது பாடலுக்கு நம்பகத்தன்மையைத் தருகிறது. அமெரிக்க இசைத் துறை அந்த நம்பகத்தன்மையை விற்பனைப் பொருளாக்கக் கற்றுக்கொண்டது.

அமெரிக்காவிலும் எதிர்ப்பு இல்லாமல் இல்லை. ஃபிஃப்டி சென்ட் கையில் துப்பாக்கியுடன் தோன்றிய விளம்பரப் பலகைக்கு லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் எதிர்ப்பு எழுந்து, அது அகற்றப்பட்டது. படம் வெளியான நாளில் பிட்ஸ்பர்க் அருகே ஒரு திரையரங்க வளாகத்தில் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தத் திரையரங்கு படத்தை நிறுத்தியது. எனினும் நாடு முழுவதும் மற்ற அரங்குகளில் அது தொடர்ந்து ஓடியது. பதினான்கு ஆண்டுகள் கழித்து, பிரிட்டனில் ஒரு வளாகத்தில் நடந்த மோதலுக்காக ஒரு குழுமம் முழுவதிலும் படம் நிறுத்தப்பட்டதோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

ஃபிஃப்டி சென்ட்டின் படத்தில் ஒரு துணைக் கதாபாத்திரத்தில் லண்டன் நடிகர் ஒருவரும் நடித்திருந்தார். அவர் பெயர் ஆஷ்லி வால்டர்ஸ். லண்டனின் ராப் கதை அமெரிக்கக் கதையிலிருந்து எங்கே விலகுகிறது என்பதை அவரது வாழ்க்கை காட்டுகிறது.

பாடகர், கைதி, நடிகர்

ஆஷ்லி வால்டர்ஸ், 'சோ சாலிட் குரூ' என்ற தெற்கு லண்டன் இசைக்குழுவின் உறுப்பினர்களில் ஒருவர். பேட்டர்ஸி பகுதியைத் தளமாகக் கொண்ட அந்தப் பெரிய குழுவின் '21 செகண்ட்ஸ்' என்ற பாடல் 2001ஆம் ஆண்டு ஆகஸ்டில் பிரிட்டிஷ் பாடல் தரவரிசையில் முதலிடம் பிடித்தது. மாநகராட்சிக் குடியிருப்புகளில் வளர்ந்த இளைஞர்கள், அங்கீகாரமில்லாத வானொலிகளின் வழியாகத் தாங்களே உருவாக்கிக்கொண்ட இசை நாட்டின் உச்சிக்கு வந்தது பெரிய செய்தியாக இருந்தது.

ஆனால் அந்த வெற்றி நீடிக்கவில்லை. அதே ஆண்டின் இறுதியில் அவர்களது நிகழ்ச்சி ஒன்றின்போது துப்பாக்கிச் சூடு நடந்ததையடுத்து, அவர்களது சுற்றுப்பயணம் ரத்தானது. 2002இல், துப்பாக்கி வைத்திருந்த குற்றத்துக்காக, அப்போது 19 வயதான வால்டர்ஸுக்கு 18 மாத சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. 2003ஆம் ஆண்டு ஜனவரியில் பர்மிங்காமில் புத்தாண்டு விருந்து ஒன்றுக்கு வெளியே இரண்டு இளம்பெண்கள் சுட்டுக்கொல்லப்பட்டபோது, அன்றைய பண்பாட்டுத்துறை அமைச்சர் கிம் ஹவல்ஸ், துப்பாக்கிக் கலாசாரத்தைப் புகழ்வதாக சோ சாலிட் குரூவைப் பெயர் குறிப்பிட்டே சாடினார். அந்தக் கொலைகளில் அக்குழுவுக்கு எந்தத் தொடர்பும் இல்லை.

சிறையிலிருந்து வெளிவந்த வால்டர்ஸ் நடித்த படம் 'புல்லட் பாய்'. சால் டிப் இயக்கத்தில் 2004இல் உருவான இப்படத்தில் அவர் ஏற்ற பாத்திரம், சிறையிலிருந்து அப்போதுதான் விடுதலையாகி கிழக்கு லண்டனின் ஹாக்னிக்குத் திரும்பும் ரிக்கி என்ற இளைஞன். காரின் பக்கக் கண்ணாடி உடைந்ததில் தொடங்கும் அற்பத் தகராறு, துப்பாக்கியை நோக்கி அவனை இழுத்துச் செல்கிறது. வீட்டில் அவனது 12 வயதுத் தம்பி அனைத்தையும் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

இந்தப் படத்தில் மேடை இல்லை. கைதட்டல் இல்லை. ரிக்கி பாடகனும் அல்ல. ஒரு ராப் பாடகர் தன் சொந்தக் கதையிலிருந்து இசையை மட்டும் கழித்துவிட்டு எஞ்சியதை நடித்துக் காட்டினார் என்றே இப்படத்தைச் சொல்லலாம். இசை கிடைக்காத ஒருவனுக்கு என்ன நேர்ந்திருக்கும் என்பதே 'புல்லட் பாய்' சொன்ன கதை.

கிழக்கு லண்டனின் குரல்

பின்வந்த லண்டன் படைப்புகளும் இந்த வழியிலேயே சென்றன. 2012இல் வெளியான 'இல் மேனர்ஸ்' படத்தை எழுதி இயக்கியவர், பிளான் பி என்ற பெயரில் பாடும் பென் ட்ரூ. பள்ளியிலிருந்து நீக்கப்பட்டு, அத்தகைய மாணவர்களுக்கான மாற்றுக் கல்வி மையத்தில் படித்தவர் அவர். லண்டனில் குறைந்த செலவில் படமெடுப்போருக்கான ஒரு திட்டத்தின் கீழ், ஏறத்தாழ ஒரு லட்சம் பவுண்டுகளில் அந்தப் படம் எடுக்கப்பட்டது. ஒவ்வொரு கதாபாத்திரத்தின் கடந்தகாலமும் ஒரு ராப் பாடலாகச் சொல்லப்படுகிறது.

படத்தின் களம் ஃபாரஸ்ட் கேட், மேனர் பார்க் ஆகிய நியூஹாம் பகுதிகள். பக்கத்திலேயே ஈஸ்ட் ஹாம். தமிழ்க் கடைகளும் கோயில்களும் நிறைந்த, லண்டன் தமிழர்களுக்கு நன்கு பழக்கமான தெருக்கள் இவை. படம் வெளியானது 2012 ஜூன் மாதம். அடுத்த மாதம் அதே நியூஹாம் பகுதியில்தான் லண்டன் ஒலிம்பிக் போட்டிகள் தொடங்கின. அதற்கு முந்தைய ஆண்டு ஆகஸ்டில் லண்டன் கலவரங்கள் நடந்திருந்தன.

ஈஸ்ட் ஹாமிலேயே வளர்ந்த மற்றொரு ராப் கலைஞர் கேனோ. 2011இல் சேனல் 4 தொலைக்காட்சியில் தொடங்கிய 'டாப் பாய்' தொடரில் அவரும் ஆஷ்லி வால்டர்ஸும் போதைப்பொருள் விற்கும் இரண்டு நண்பர்களாக நடித்தனர். இரண்டு பருவங்களுடன் நின்றுபோன அத்தொடரை, கனடாவின் டொரோண்டோ நகரைச் சேர்ந்த ராப் நட்சத்திரம் டிரேக்கின் ஆர்வத்தால் நெட்ஃபிளிக்ஸ் மீட்டெடுத்தது. 2019 முதல் 2023 வரை அது மேலும் மூன்று பருவங்கள் ஓடியது. லிட்டில் சிம்ஸ், டேவ் போன்ற லண்டன் ராப் கலைஞர்கள் அதில் நடித்தனர்.

'புல்லட் பாய்', 'இல் மேனர்ஸ்', 'டாப் பாய்', 'புளூ ஸ்டோரி' ஆகிய நான்குக்கும் பொதுவான அம்சம் ஒன்று உண்டு. நான்கிலும் ராப் கலைஞர்கள் முக்கியப் பங்கு வகிக்கிறார்கள். எதிலும் இசையால் உயர்ந்து வெற்றிபெறும் நாயகன் கதையின் மையமாக இல்லை. எழுச்சி நிகழ்வது திரைக்கு வெளியே, அதை எடுத்தவர்களின், நடித்தவர்களின் வாழ்க்கையில்தான்.

இசைக்கு ஒரு படிவம்

லண்டன் படைப்பாளிகள் எழுச்சிக் கதையைத் தவிர்ப்பதற்கு ரசனை சார்ந்த காரணங்களும் பணம் சார்ந்த காரணங்களும் இருக்கலாம். ஆனால் லண்டனில் இசை என்ற ஏணியே நீண்டகாலம் காவல்துறையின் கண்காணிப்பில் இருந்தது என்பதையும் சேர்த்தே இதைப் பார்க்க வேண்டும்.

2005ஆம் ஆண்டு லண்டன் மாநகரக் காவல்துறை '696' என்ற எண் கொண்ட ஒரு படிவத்தை அறிமுகம் செய்தது. இசை நிகழ்ச்சிகளில் வன்முறையைத் தடுப்பதே அதன் நோக்கம் என்று சொல்லப்பட்டது. நிகழ்ச்சி நடத்துவோர், கலைஞர்களின் பெயர், முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றை முன்கூட்டியே காவல்துறைக்குத் தர வேண்டும். எந்த வகை இசை என்பதையும், எந்த இனத்தவர் வருவார்கள் என்பதையும்கூட அதன் தொடக்க வடிவம் கேட்டது. கறுப்பின இளைஞர்களின் இசை மட்டுமே இதனால் பாதிக்கப்படுவதாக எழுந்த தொடர்ச்சியான விமர்சனத்தையடுத்து, 2017 நவம்பரில் அந்தப் படிவம் கைவிடப்பட்டது.

அதற்குள் 'டிரில்' என்ற புதிய ராப் வகை வளர்ந்திருந்தது. 2010களின் தொடக்கத்தில் சிகாகோவில் பிறந்து, தெற்கு லண்டனின் பிரிக்ஸ்டன் பகுதியில் வேரூன்றிய இசை அது. எதிரிக் குழுக்களைப் பெயர் சொல்லிச் சீண்டும் வரிகள் அதில் வழக்கமானவை. 2018இல் காவல்துறையின் கோரிக்கையை ஏற்று, யூடியூப் 30க்கும் மேற்பட்ட டிரில் காணொளிகளை நீக்கியது.

அதே ஆண்டு ஜூன் மாதம், மேற்கு லண்டனின் '1011' என்ற குழுவைச் சேர்ந்த இளைஞர்கள் வெட்டுக்கத்திகளுடனும் மட்டைகளுடனும் பிடிபட்ட வழக்கில் தண்டிக்கப்பட்டனர். இசைக் காணொளிக்காகவே அவற்றை வைத்திருந்ததாக அவர்கள் சொன்னதை நீதிமன்றம் ஏற்கவில்லை. சிறைத் தண்டனையோடு வேறொரு உத்தரவும் பிறப்பிக்கப்பட்டது. புதிய காணொளியை வெளியிட்டால் 24 மணி நேரத்துக்குள் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். நிகழ்ச்சி நடத்துவதாக இருந்தால் 48 மணி நேரத்துக்கு முன்பே அறிவிக்க வேண்டும். 2019 ஜனவரியில், ஸ்கெங்டோ, ஏ.எம். என்ற இரண்டு பிரிக்ஸ்டன் பாடகர்கள், தடையாணையை மீறி ஒரு பாடலை மேடையில் பாடியதற்காக, ஒத்திவைக்கப்பட்ட ஒன்பது மாத சிறைத் தண்டனைக்கு உள்ளாகினர்.

1011 குழுவின் முக்கியப் பாடகரான டிக்கா டி, இந்தக் கட்டுப்பாடுகளின் கீழேயே பாடி, 2022 ஏப்ரலில் பிரிட்டிஷ் இசைத்தொகுப்புத் தரவரிசையில் முதலிடம் பிடித்தார். அமெரிக்கப் படமாக இருந்தால் அந்த இடத்தில் திரை விழுந்திருக்கும். ஆனால் அவர் 2024இல் கஞ்சா தொடர்பான குற்றச்சாட்டில் மீண்டும் கைதானார். பின்னர் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறை சென்றார். புகழும் பணமும் வந்துவிட்டால் பழைய வாழ்க்கை தானாக விலகிவிடும் என்ற திரைப்பட நம்பிக்கை நடைமுறையில் எவ்வளவு பலவீனமானது என்பதை இது காட்டுகிறது.

நீதிமன்றத்தில் பாடல்

பாடலைத் தடுப்பதோடு விவகாரம் முடியவில்லை. இங்கிலாந்து நீதிமன்றங்களில் ராப் வரிகளும் காணொளிகளும் குற்றச் சான்றுகளாக முன்வைக்கப்படுகின்றன. குறிப்பாக, ஒரு கொலையில் நேரடியாகப் பங்கேற்காதவரையும் அதற்குத் துணைநின்றதாகக் கூறி தண்டிக்க இடமளிக்கும் கூட்டுப் பொறுப்புக் கோட்பாட்டின் கீழ் தொடரப்படும் வழக்குகளில், ஒருவர் ஒரு குழுவைச் சேர்ந்தவர் என்று காட்ட அவர் தோன்றிய இசைக் காணொளி பயன்படுகிறது.

இதை எதிர்ப்பவர்களின் வாதம் இதுதான்: மிகைப்படுத்திப் பேசுவதும், தான் என்ற நிலையில் நின்று பிறர் கதையைச் சொல்வதும் ராப் இசையின் மரபு. குற்ற நாவல் எழுதியவரின் நாவலை எவரும் நீதிமன்றத்தில் சான்றாக வைப்பதில்லை. ராப் பாடகரின் வரிகளை மட்டும் நேரடி ஒப்புதலாகப் படிப்பது, கறுப்பின இளைஞர் பற்றிய முன்முடிவையே ஜூரிகளின் மனதில் வலுப்படுத்தும். இந்தக் கருத்தை முன்வைத்து வழக்கறிஞர்களும் இசைக்கலைஞர்களும் கல்வியாளர்களும் சேர்ந்து 2023 நவம்பரில் 'ஆர்ட் நாட் எவிடன்ஸ்' என்ற இயக்கத்தைத் தொடங்கினர். அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம் 2022இலேயே இத்தகைய சான்றுகளுக்குக் கட்டுப்பாடு விதிக்கும் சட்டத்தை இயற்றியது.

காவல்துறைத் தரப்பின் வாதத்தையும் எளிதில் ஒதுக்கிவிட முடியாது. சில பாடல்கள் உண்மையில் நடந்த தாக்குதல்களைக் குறிப்பிடுகின்றன. இறந்தவர்களின் பெயரைச் சொல்லி ஏளனம் செய்யும் பாடல்களும் உண்டு. மகனைப் பறிகொடுத்த தாய் ஒருவருக்கு அது கலை மரபு பற்றிய விவாதம் அல்ல. 2021ஆம் ஆண்டில் மட்டும் லண்டனில் 30 பதின்ம வயதினர் கொல்லப்பட்டனர். அதுவரை எந்த ஆண்டிலும் பதிவாகாத எண்ணிக்கை அது.

லண்டன் தமிழர்களுக்கும் இந்த வன்முறை தொலைவில் நடப்பதல்ல. 2011 மார்ச் மாதம் தெற்கு லண்டனின் ஸ்டொக்வெல் பகுதியில், உறவினர் கடையில் விளையாடிக்கொண்டிருந்த ஐந்து வயதுத் தமிழ்ச் சிறுமி, இரண்டு இளைஞர் குழுக்களின் பகையில் பாய்ந்த குண்டுக்கு இலக்கானாள். உயிர் பிழைத்தாலும் அவளால் மீண்டும் நடக்க முடியவில்லை. குற்றவாளிகள் மூவருக்கு 2012இல் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. தெருவின் கதையைச் சொல்லும் எந்தப் படைப்பும் அந்தச் சிறுமியின் தரப்பிலிருந்து எழும் கேள்விக்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

இருப்பினும் பாடலை நீக்குவதால் பகை நீங்குகிறதா என்பது தனிக் கேள்வி. காணொளிகள் நீக்கப்பட்ட அதே காலகட்டத்தில், அரசின் சிக்கன நடவடிக்கைகளால் லண்டனில் நூற்றுக்கும் மேற்பட்ட இளைஞர் மையங்கள் மூடப்பட்டன. லண்டனின் பல ராப் கலைஞர்கள் முதன்முதலில் ஒலிவாங்கியைப் பிடித்தது இத்தகைய மையங்களில்தான்.

தமிழர்களின் சொல்லப்படாத கதை

இந்த விவாதத்தில் தமிழர்கள் பாதிக்கப்பட்டவர்களாக மட்டும் இடம்பெறவில்லை. 1990களின் இறுதியிலும் 2000களின் தொடக்கத்திலும் லண்டனின் ஈஸ்ட் ஹாம், வெம்பிளி, டூட்டிங் போன்ற பகுதிகளில் தமிழ் இளைஞர் குழுக்களிடையே கடும் மோதல்கள் நடந்தன. உயிரிழப்புகளும் ஏற்பட்டன. இதற்கென்றே மாநகரக் காவல்துறை 'ஆபரேஷன் என்வர்' என்ற தனி நடவடிக்கையை மேற்கொண்டது. போரிலிருந்து தப்பி, பெரும்பாலும் பெற்றோர் இன்றி வந்து சேர்ந்த இளைஞர்கள் பலர் அக்குழுக்களில் இருந்தனர்.

டொரோண்டோவிலும் இதே காலத்தில் இதே நிலை இருந்தது. ஆனால் அங்கே அந்தக் கதையைத் தமிழர் ஒருவரே திரையில் சொன்னார். லெனின் எம். சிவம் இயக்கி 2009இல் வெளியான '1999' என்ற படம், ஸ்காபரோ பகுதியின் தமிழ் இளைஞர் குழுக்களைப் பற்றியது. வான்கூவர் சர்வதேசத் திரைப்பட விழாவில் அது திரையிடப்பட்டது. மலேசியாவில் சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய 'ஜகாட்', தோட்டங்களிலிருந்து நகரத்துக்கு வந்து சேர்ந்த தமிழ்க் குடும்பத்தின் சிறுவன் எப்படிக் குண்டர் வாழ்க்கையால் ஈர்க்கப்படுகிறான் என்பதைச் சொன்னது. 2015இல் வெளியான அப்படம், மறு ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த படமாகத் தேர்வானது.

லண்டன் தமிழர்களிடையே இதற்கு இணையான படம் பரவலாக அறியப்படவில்லை. தனுஷ் நடிப்பில் 2021இல் வந்த 'ஜகமே தந்திரம்' லண்டனைக் களமாகக் கொண்டிருந்தாலும், அது மதுரையிலிருந்து வரும் ஒரு தாதாவின் கண்வழியே சொல்லப்பட்ட வணிகப் படம். லண்டனில் வளர்ந்து உலகப் புகழ்பெற்ற தமிழ் ராப் கலைஞர் எம்.ஐ.ஏ. எனும் மாதங்கி அருள்பிரகாசம், மிச்சம் பகுதியின் மாநகராட்சிக் குடியிருப்பில் அகதிக் குழந்தையாக வளர்ந்தவர். அவரது கதை 2018இல் ஆவணப்படமாக வந்தது. அது போரையும் புலம்பெயர்வையும் பேசியது. தெருக் குழுக்களைப் பற்றிய கதை அல்ல அது.

இந்த மௌனத்துக்குக் காரணங்களை ஊகிப்பது கடினமல்ல. புகலிடக் கோரிக்கைகள் நிலுவையில் இருந்த காலத்தில், தமிழர் என்றாலே குற்றவாளிகள் என்ற முத்திரை விழுந்துவிடும் என்ற அச்சம் இருந்தது. கல்வியில் முன்னேறிய சமூகம் என்ற பெயரைக் காக்கும் விருப்பமும் இருந்தது. மகனை இழந்த குடும்பங்களும், மகன் சிறைசென்ற குடும்பங்களும் ஒரே கோயிலுக்கும் ஒரே கடைத்தெருவுக்கும் வந்துபோக வேண்டியிருந்தது. கறுப்பினக் கலைஞர்கள் சந்தேகத்தின் விலையைக் கொடுத்தாவது தங்கள் கதையைச் சொன்னார்கள். தமிழர்கள் அந்த விலையைத் தவிர்த்தார்கள். அதனால் அந்த இளைஞர்கள் ஏன் அங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்பதும் சொல்லப்படாமலே போனது.

மாறும் பார்வை

'புளூ ஸ்டோரி' விலக்கப்பட்டதற்குக் கண்டனங்கள் எழுந்ததையடுத்து, சில நாட்களில் இரண்டு குழுமங்களும் கூடுதல் பாதுகாப்புடன் அதை மீண்டும் திரையிட்டன. குறைந்த செலவில் எடுக்கப்பட்ட அப்படம் பிரிட்டனில் 40 லட்சம் பவுண்டுகளுக்கும் மேல் வசூலித்தது. மார்க்கோவாக நடித்த மைக்கேல் வார்ட், 2020 பிப்ரவரியில் பாஃப்டாவின் வளரும் நட்சத்திர விருதைப் பெற்றார். ராப்மன் பின்னர் தெற்கு லண்டனைக் களமாகக் கொண்டு உருவாக்கிய 'சூப்பர்செல்' தொடர் 2024இல் நெட்ஃபிளிக்ஸில் வெளியாகி உலகெங்கும் பார்க்கப்பட்டது.

ஆஷ்லி வால்டர்ஸின் பாதை இன்னும் நீண்டது. 2025 மார்ச்சில் வெளியான 'அடலசன்ஸ்' என்ற பிரிட்டிஷ் தொடரில் அவர் ஏற்றது காவல்துறை அதிகாரி வேடம். சக மாணவியைக் கத்தியால் குத்திக் கொன்றதாகக் கைதாகும் 13 வயதுச் சிறுவனை விசாரிக்கும் அதிகாரி அவர். அந்தப் பாத்திரத்துக்காக அமெரிக்காவின் எம்மி விருதுக்கு அவர் பரிந்துரைக்கப்பட்டார். அத்தொடரை நாட்டின் இடைநிலைப் பள்ளிகளில் மாணவர்களுக்குக் காட்டும் முயற்சிக்குப் பிரதமர் கியர் ஸ்டார்மர் ஆதரவு தெரிவித்தார்.

இரண்டு படைப்புகளும் ஒரே தன்மையானவை அல்ல. 'அடலசன்ஸ்' தெருக் குழுக்களைப் பற்றியது அல்ல. அதில் வரும் சிறுவன் வெள்ளையினத்தவன். எனினும் இரண்டுமே கத்தி ஏந்தும் சிறுவர்களைப் பற்றிப் பெற்றோருக்கும் பள்ளிகளுக்கும் எச்சரிக்கை சொல்ல முயன்றவைதான். ஒன்று ஐந்து ஆண்டுகளுக்குச் சற்று முன்னர் திரையரங்குகளிலிருந்து விலக்கப்பட்டது. மற்றொன்று வகுப்பறைக்குள் அழைக்கப்பட்டது.

அந்த இடைவெளிக்குக் காரணம் காலம் மாறியதா, அல்லது கதை சொல்பவர் யார் என்பதா என்ற கேள்விக்கு பிரிட்டன் இன்னும் தெளிவான பதில் தரவில்லை. இதற்கிடையே, பாடல் வரிகளைச் சான்றாக ஏற்பதற்கு வரம்பு விதிக்க வேண்டும் என்ற கோரிக்கை சட்டத்தரணிகளிடையே தொடர்ந்து ஒலித்து வருகிறது. தெருவில் தான் கண்டதை எழுதத் தொடங்கும் அடுத்த பதினாறு வயது இளைஞன், அவன் பெக்கமைச் சேர்ந்தவனாக இருந்தாலும் ஈஸ்ட் ஹாமின் தமிழ்க் குடும்பத்தவனாக இருந்தாலும், அந்தத் தாளைத் துணிந்து வெளியே காட்டுவானா என்பது அந்தக் கோரிக்கையின் முடிவைப் பொறுத்தும் இருக்கிறது.